உறங்கியவர் சொல்லும் கணக்கு

பாளையங்கோட்டை சமாதானபுரத்திலோ முருகன்குறிச்சியிலோ காலை ஆறு மணிக்கு டீக்கடை வாசலில் நிற்கும் யாரிடமாவது, "நேத்து எத்தனை மணி நேரம் உறங்குனீங்க அண்ணாச்சி?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வராது. ஒரு கணம் யோசித்துவிட்டு, "பத்தரைக்குப் படுத்தேன், அஞ்சு மணிக்கு முழிப்பு வந்துட்டு, ஆறரை மணி நேரம் இருக்கும்" என்பார். நினைவிலிருந்து அவர் எதையும் எடுத்துச் சொல்லவில்லை, கழித்தல் கணக்குத்தான் போட்டிருக்கிறார். படுத்த நேரம் தெரியும், எழுந்த நேரம் தெரியும். நடுவில் இருந்தது எல்லாம் உறக்கம் என்று வைத்துக்கொண்டார்.

இந்தக் கழித்தல் கணக்கை நம்பி எவ்வளவோ காரியங்கள் நடக்கின்றன. ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையானாலும் தெருமுனைக் கிளினிக்கானாலும், நோயாளியின் உறக்கத்தைப் பற்றிக் கேட்கப்படுவது பெரும்பாலும் இந்த ஒரே கேள்விதான். உறக்கத்துக்கும் சர்க்கரை நோய்க்கும், உறக்கத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும், உறக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பைத் தேடும் பெரிய ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆயிரக்கணக்கானவர்கள் சொன்ன இதே பதிலின் மேல்தான் நிற்கின்றன. "ஆறு மணி நேரத்துக்குக் குறைவாக உறங்குபவர்களுக்கு ஆபத்து" என்று ஒரு செய்தியைப் படிக்கும்போது, அந்த ஆறு அளந்து பெற்ற ஆறா, வாயால் சொன்ன ஆறா என்று நாம் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

உறங்குகிறவர் தன் உறக்கத்துக்குத் தானே சாட்சியாக இருக்க முடியாது. உறங்கிப்போன காவலாளியிடமே திருடன் எத்தனை மணிக்கு வந்தான் என்று கேட்பதைப் போன்றது அது. இதற்கு மூளையிலேயே காரணம் இருக்கிறது. விழிப்பிலிருந்து உறக்கத்துக்குள் நழுவும்போது, புதிய அனுபவங்களை நிலையான நினைவாகப் பதியவைக்கும் வேலையை மூளை நிறுத்திவிடுகிறது. 1990-களில் அமெரிக்காவில் இதை நேரடியாகச் சோதித்தார்கள். படுத்திருப்பவர்களுக்கு அவர்கள் உறங்கும் வரை சொற்களை ஒலிக்கவிட்டார்கள். உறங்கி அரை நிமிடத்தில் எழுப்பப்பட்டவர்களுக்குக் கடைசியாகக் கேட்ட சொற்கள் நினைவிருந்தன. பத்து நிமிடம் உறங்கவிட்டு எழுப்பப்பட்டவர்களுக்கோ, உறங்குவதற்குச் சற்று முன், நன்றாக விழித்திருந்தபோது கேட்ட சொற்களே நினைவில் இல்லை. மறந்துபோவது உறக்கம் வந்த கணம் மட்டுமல்ல, அதற்கு முந்தைய சில நிமிடங்களையும் சேர்த்து அழித்துவிட்டுத்தான் உறக்கம் வருகிறது. நடு இரவு விழிப்புகளுக்கும் இதே கதிதான். கொசு கடித்துத் திரும்பிப் படுத்தது, பக்கத்தில் குழந்தை உதைத்தது, தெருநாய் குரைத்தது என்று ஓரிரு நிமிடத்துக்கு வந்துபோகும் விழிப்புகள் காலையில் தடமில்லாமல் போய்விடும். சில நிமிடங்கள் நீடித்தால்தான் "நேத்து ராத்திரி முழிச்சேன்" என்ற நினைவே மிஞ்சும்.

உறக்கத்தைச் சரியாக அளக்க வேண்டுமென்றால் ஆய்வகத்தில் ஓர் இரவு படுக்க வேண்டும். தலையில் மின்முனைகள் ஒட்டி மூளையின் மின்னலைகளையும், கண்ணோரத்தில் ஒட்டிக் கண்ணசைவையும், தாடையில் ஒட்டித் தசையின் இறுக்கத்தையும் பதிவு செய்வார்கள். மூச்சும் ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜனும் சேர்ந்தே பதிவாகும். பிறகு இரவு முழுவதையும் 30 விநாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றும் விழிப்பா, இலேசான உறக்கமா, ஆழ்ந்த உறக்கமா, கனவு உறக்கமா என்று குறிப்பார்கள். பாலிசோம்னோகிராபி என்று பெயர். செலவு பிடிக்கும். வீட்டில் உறங்குவதைப் போல அங்கே உறங்கவும் முடியாது. அதனால் வீட்டிலேயே அளப்பதற்குக் கைக்கடிகாரம் போன்ற ஒரு கருவியைக் கட்டிவிடுவார்கள். அது கையின் அசைவைப் பதிவு செய்யும், அசைவு அடங்கிய நேரத்தை உறக்கமாகக் கணக்கிடும். ஆக்டிகிராப் என்பது அதன் பெயர்.

இந்தக் கருவியைக் கட்டி நம் மாநிலத்திலேயே நடந்த ஓர் ஆய்வு இருக்கிறது. உறக்கத்தைப் பற்றித் தமிழில் பேசுகிறவர்கள் எல்லோரும் அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பெட்ரோ பெசோனே, கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்ட், மேட்டி டோமா ஆகிய ஐந்து பொருளாதார ஆய்வாளர்கள் சென்னையில் நடத்தி, 2021-இல் வெளியிட்டது. குறைந்த வருமானமுள்ள 452 பேரை ஒரு மாதம் கணினியில் தரவு உள்ளிடும் வேலைக்கு அமர்த்தி, இரவு பகலாக அந்தக் கருவியை அணியச் செய்தார்கள். அவர்கள் இரவில் சராசரியாக எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தார்கள். உறங்கியது ஐந்தரை மணி நேரம்தான். ஓர் இரவில் சராசரியாக 31 முறை விழிப்பு. படுக்கையில் கழித்த நேரத்தில் சுமார் 70 சதவீதம் மட்டுமே உறக்கமாக மாறியது. செல்வ நாடுகளில் இந்த அளவு உறக்கக் கோளாறு உள்ளவர்களிடம்தான் காணப்படும். அவர்களையே எத்தனை மணி நேரம் உறங்குகிறீர்கள் என்று கேட்டபோது, கருவி சொன்னதைவிட ஒரு மணி நேரத்துக்கும் அதிகமாகவே சொன்னார்கள்.

அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அந்த 31 விழிப்புகளில் பெரும்பாலானவை அவர்களுக்கே தெரியாதவை. சூடு, இரைச்சல், கொசு, தெருவிளக்கு வெளிச்சம், ஒரே அறையில் பலர் என்று எல்லாம் சேர்ந்து உறக்கத்தைத் துண்டு துண்டாக்கியிருந்தன. காலையில் அவர்கள் போட்டது அதே கழித்தல் கணக்கு. வாய்மொழிக் கேள்வியோடு ஆய்வு நின்றிருந்தால், "சென்னையின் ஏழைகளுக்கு உறக்கக் குறை பெரிதாக இல்லை" என்று முடிவெழுதிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

அந்த ஆய்வின் மறுபாதி இன்னும் யோசிக்க வைக்கிறது. பாதிப் பேருக்கு மேல் உறக்கத்தின் நன்மைகளைச் சொல்லி, தலையணை, மெத்தை, மின்விசிறி, கண்மறைப்பு, காதடைப்பான் போன்றவற்றைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு அதிகம் உறங்கினால் பணமும் கொடுத்தார்கள். இரவு உறக்கம் சராசரியாக 27 நிமிடம் கூடியது. ஆனால் அதற்காக 38 நிமிடம் கூடுதலாகப் படுக்கையில் கிடக்க வேண்டியிருந்தது. வேலைத்திறனோ, மனநலமோ, முடிவெடுக்கும் திறனோ கூடவில்லை. இதற்கு மாறாக, வேலையிடத்திலேயே மதியம் அரை மணி நேரம் படுக்க அனுமதிக்கப்பட்டவர்களிடம் வேலைத்திறனும் கவனமும் மனநிறைவும் கூடின. நிசப்தமான இடத்தில், விசிறிக் காற்றில், தொந்தரவில்லாமல் கிடைத்த உறக்கம் அது. துண்டு துண்டான உறக்கத்தோடு இன்னும் சில துண்டுகளைச் சேர்ப்பதும், சிறியதானாலும் முழுதான ஓர் உறக்கத்தைப் பெறுவதும் ஒன்றாகாது என்பதே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. நெல்லைச் சீமையில் மதியச் சாப்பாட்டுக்குப் பின் "லேசா கண்ணசந்தேன்" என்று சொல்கிறவர்கள் யாரும் அதை உறக்கக் கணக்கில் சேர்ப்பதில்லை. "எத்தனை மணி நேரம் உறங்குவீர்கள்?" என்றால் இரவை மட்டும்தான் சொல்வார்கள். அன்றைய நாளில் கிடைத்த நல்ல உறக்கம் அந்த அரை மணி நேரமாகவே இருக்கக்கூடும்.

இது ஏழைகளுக்கு மட்டும், இந்தியர்களுக்கு மட்டும் நேர்வதில்லை. டயேன் லாடர்டேலும் சக ஆய்வாளர்களும் சிகாகோவில் 669 பேரின் கையில் கருவியைக் கட்டி அளந்து 2008-இல் வெளியிட்டார்கள். அளந்த உறக்கம் சராசரி 6 மணி நேரம், சொன்ன உறக்கம் 6.8 மணி நேரம். இந்த முக்கால் மணி நேரக் கூடுதல் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்திருந்தால் சிக்கலில்லை, கழித்துவிட்டுப் போகலாம். ஆனால் குறைவாக உறங்குகிறவர்கள் அதிகமாகக் கூட்டிச் சொல்கிறார்கள், நன்றாக உறங்குகிறவர்கள் ஏறத்தாழச் சரியாகச் சொல்கிறார்கள். அளந்த உறக்கம் ஒருவருக்கு இன்னொருவரைவிட ஒரு மணி நேரம் அதிகம் என்றால், சொன்ன உறக்கத்தில் அந்த வேறுபாடு 34 நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது. இதன் விளைவு எளிதில் கண்ணில் படாது. உறக்கக் குறையால் உண்மையில் பாதிக்கப்பட்டவர்கள், ஏட்டில் சாதாரணமாக உறங்குகிறவர்களோடு போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். யாருக்கு உதவி தேவையோ அவரையே இந்தக் கேள்வி மறைத்துவிடுகிறது. எனக்கு இதில் மிகவும் கவலை தருவது இதுதான்.

அரசுக் கணக்கெடுப்புகளைப் பாருங்கள். தேசிய புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. முந்தைய நாள் அதிகாலை நான்கு மணி முதல் 24 மணி நேரத்தில் என்னென்ன செய்தீர்கள் என்று அரை மணி நேரத் துண்டுகளாகக் கேட்டு எழுதினார்கள். அதன்படி ஆறு வயதுக்கு மேற்பட்ட இந்தியர் ஒருவர் ஒரு நாளில் உறக்கத்துக்கும் அதைச் சார்ந்தவற்றுக்கும் செலவிடுவது ஏறக்குறைய ஒன்பது மணி நேரம். இதில் குழந்தைகளும் உண்டு, பகல் உறக்கமும் உண்டு. அப்படியே இருந்தாலும், சென்னையில் கைக்கருவி காட்டிய ஐந்தரைக்கும் இந்த ஒன்பதுக்கும் நடுவில் உள்ள தூரம் சாதாரணமானதல்ல. அந்தக் கணக்கெடுப்பு அளந்தது, விளக்கணைத்துப் படுத்ததற்கும் எழுந்து வாசல் தெளித்ததற்கும் இடைப்பட்ட நேரத்தை. வீட்டு வேலை, கூலி வேலை எல்லாவற்றுக்கும் மிகவும் பயனுள்ள தரவு அது. உறக்கத்துக்கு மட்டும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

உலக அளவிலும் இதே தடுமாற்றம். இந்தியா உட்பட 21 நாடுகளில் 1,16,632 பேரைச் சுமார் எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ப்யூர் ஆய்வின் முடிவு 2019-இல் வந்தது. ஆறு முதல் எட்டு மணி நேரம் உறங்குகிறவர்களுக்கு இதய நோயும் மரணமும் குறைவு, அதற்கு மேல் போகப் போக ஆபத்து கூடுகிறது என்றது அது. "அதிகம் உறங்கினால் ஆயுள் குறையும்" என்று பல நாளிதழ்கள் எழுதின. அந்த ஆய்வில் உறக்க நேரம் எப்படிக் கிடைத்தது? வழக்கமாக எத்தனை மணிக்குப் படுப்பீர்கள், எத்தனை மணிக்கு எழுவீர்கள் என்று கேட்டுக் கழித்தது. பத்து மணி நேரம் என்று சொன்னவர் பத்து மணி நேரம் உறங்கினாரா, உடல்நலமில்லாமல் பத்து மணி நேரம் படுத்துக்கிடந்தாரா என்பதை அந்தப் பதிலிலிருந்து பிரித்தெடுப்பது மிகக் கடினம். ஆய்வாளர்கள் இதை அறிந்தவர்கள். வாசகரிடம் வந்து சேரும்போதுதான் இந்த எச்சரிக்கை உதிர்ந்துபோகிறது.

இதுவரை கூட்டிச் சொல்கிறவர்களைப் பார்த்தோம். எதிர்ப்பக்கத்தில் குறைத்துச் சொல்கிறவர்கள் நிற்கிறார்கள். "ராத்திரி பூரா பொட்டு உறக்கம் இல்ல ஐயா" என்று மருத்துவர் முன் கண்கலங்கும் ஆச்சியை எல்லோரும் பார்த்திருப்போம். கூட வந்த மகள், "இல்ல சார், நல்லா குறட்டை விட்டு உறங்கத்தான் செய்தாங்க, நான் பார்த்தேன்" என்பாள். ஆச்சிக்குக் கோபம் வரும். இருவரும் உண்மைதான் சொல்கிறார்கள். தூக்கமின்மையால் அவதிப்படுகிறவர்களில் ஒரு பகுதியினரை ஆய்வகத்தில் படுக்கவைத்தால் ஆறு, ஏழு மணி நேரம் உறங்கியிருப்பார்கள், காலையில் இரண்டு மணி நேரம்கூட உறங்கவில்லை என்பார்கள். இவர்களை மனப்பிரமை என்று ஒதுக்கிய காலம் ஒன்று இருந்தது.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பிரான்செஸ்கா சிக்லாரியின் குழு இதைத் துருவிப் பார்த்தது. தலை முழுவதும் 256 மின்முனைகள் பொருத்தி, நன்றாக உறங்குகிறவர்களையும் உறங்கவே இல்லை என்று சொல்கிறவர்களையும் இரவில் திரும்பத் திரும்ப எழுப்பி, "எழுப்பும்போது உறங்கிக்கொண்டிருந்தீர்களா, விழித்திருந்தீர்களா?" என்று கேட்டார்கள். 2021-இல் வெளியான முடிவு எல்லோரும் நினைத்திருந்ததற்கு நேர்மாறு. மூளையின் மெதுவான பேரலைகள் நிறைந்த, பாடநூல்கள் ஆழ்ந்த உறக்கம் என்று சொல்லும் முதல் இரண்டு மணி நேரத்தில்தான், நன்றாக உறங்குகிறவர்கள்கூட "விழித்துத்தான் இருந்தேன்" என்று அதிகம் சொன்னார்கள். கனவு உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவர்களே மிக ஆழமாக உறங்கியதாக உணர்ந்தார்கள். உறக்கமே வரவில்லை என்று வருந்துகிறவர்களிடம் இந்த விழித்திருக்கும் உணர்வு இன்னும் அடிக்கடி வந்தது. அப்போது அவர்கள் மூளையலைகளில் விழிப்புக்குரிய வேக அலைகளும் கலந்திருந்தன. ஆக, 30 விநாடிக்கு ஒரு முத்திரை குத்தும் வழக்கமான அளவீட்டில் சிக்காத ஏதோ ஒன்றை ஆச்சி உணர்ந்துதான் சொல்கிறாள்.

இங்கே ஒரு கருத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வாய்மொழிப் பதில் நம்பகமில்லாதது என்று சொல்லிவிட்டு அதைத் தூக்கி எறிய முடியாது. தூக்கமின்மை என்ற நோயை மருத்துவம் வரையறுப்பதே நோயாளியின் வாய்மொழியால்தான். அதை உறுதிசெய்ய ஆய்வகப் பதிவு தேவையில்லை. அதற்கு மருந்தில்லாமல் தரப்படும் மிகச் சிறந்த சிகிச்சையும் நோயாளியே எழுதும் குறிப்பேட்டைக் கொண்டுதான் நடக்கிறது. 1987-இல் ஆர்தர் ஸ்பீல்மேன் முன்வைத்த முறை அதன் ஒரு பகுதி. இரண்டு வாரம் தினமும் காலையில் எப்போது படுத்தேன், எப்போது உறங்கினேன், எப்போது எழுந்தேன் என்று எழுதச் சொல்வார்கள். ஐந்தரை மணி நேரம்தான் உறங்கினேன் என்று அவர் எழுதினால், படுக்கையில் இருக்கும் நேரத்தையே ஐந்தரை மணி நேரமாகச் சுருக்கிவிடுவார்கள். உறக்கம் திரளத் திரள, படுக்கை நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். அவர் எழுதும் எண் நிமிடக் கணக்கில் தவறாக இருக்கலாம், சிகிச்சை பலிக்கிறது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாட்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாகத் தர வேண்டியது இந்த வகைச் சிகிச்சையே என்று சொன்னது.

மாத்திரை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர்களில் வயதானவர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் விழுங்கிவரும் தூக்க மாத்திரைகள் பென்சோடையசெபின் வகையைச் சேர்ந்தவை. அந்த மருந்துகள் நினைவு பதிவதைத் தடுப்பவை. கருவியில் அளக்கும்போது அவை கூட்டும் உறக்கம் சிறிது, நோயாளி உணரும் பலன் பெரிது. இரவில் விழித்ததை மறக்கச் செய்வதும் அந்தப் பலனில் ஒரு பகுதியாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் நெடுநாளாகச் சுட்டிக்காட்டி வருகிறார்கள். "மாத்திரை போட்டா நல்லா உறங்குதேன்" என்ற பதிலை இந்த வெளிச்சத்தில் கேட்க வேண்டும். நடு இரவில் எழுந்து கழிப்பறைக்குப் போகும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிவது இந்த மாத்திரைகளின் நன்கறியப்பட்ட ஆபத்து.

உலகம் முழுதும் ஆய்வாளர்கள் கையில் வைத்திருக்கும் இரண்டு கேள்வித்தாள்கள் உண்டு. ஒன்று, பிட்ஸ்பர்க்கில் டேனியல் பைஸியும் சகாக்களும் உருவாக்கி 1989-இல் வெளியிட்ட உறக்கத் தரக் குறியீடு. 19 கேள்விகள், 21 வரை மதிப்பெண், ஐந்துக்கு மேல் போனால் உறக்கத்தின் தரம் சரியில்லை என்று பொருள். இன்னொன்று, மெல்போர்னில் மரே ஜான்ஸ் 1991-இல் வெளியிட்ட எப்வொர்த் அளவுகோல். எட்டுச் சூழல்களைச் சொல்லி, அங்கே நீங்கள் கண்ணயர்வீர்களா என்று கேட்கும். இரண்டும் அக்கறையோடு செய்யப்பட்ட கருவிகள்தான். ஆனால் தாமிரபரணிக் கரையில் வைத்துப் படிக்கும்போது சில இடங்களில் தடுக்கும். பிட்ஸ்பர்க் தாளில் குளிர் உறுத்தியதா, சூடு உறுத்தியதா, இருமல், கெட்ட கனவு, வலி என்று தனித்தனியே கேட்கிறார்கள். கொசுவும், மின்வெட்டும், ஒலிபெருக்கியும் 'வேறு காரணங்கள்' என்ற ஒரே வரிக்குள் போக வேண்டும். எப்வொர்த் தாளில் எட்டில் இரண்டு, காருக்குள் உட்கார்ந்திருக்கும் சூழல்கள். கார் இல்லாத வீடுகளே இங்கே மிகுதி. திருச்செந்தூர் பேருந்தில் சன்னலோர இருக்கை என்று கேட்டால் எல்லோருக்கும் பதில் தெரியும்.

பிட்ஸ்பர்க் தாள் 'கடந்த ஒரு மாதம்' என்று கேட்பதும் இங்கே சிக்கலானது. நெல்லையில் மாதங்கள் ஒரே மாதிரி இருப்பதில்லை. சித்திரை, வைகாசியில் சுவரெல்லாம் சூடேறி விடியும் வரை புழுங்கும். ஆனி பிறந்து தென்காசிப் பக்கம் சாரல் விழத் தொடங்கினால் பாளையங்கோட்டை மொட்டை மாடியிலும் காற்று அடிக்கும். கோவில் கொடைக் காலம் வந்தால் வில்லுப்பாட்டும் சாமக்கொடையுமாக இரவுகள் போகும். தசராவுக்குப் பாளையங்கோட்டையே விழித்திருந்து சப்பரம் பார்க்கும். இத்தனையையும் சேர்த்து ஒருவர் மனத்துக்குள் சராசரி காண முடியாது. கடைசி இரண்டு மூன்று இரவுகள் எப்படிப் போயின என்பதையும், இப்போது உடம்பு எப்படி இருக்கிறது என்பதையும் கலந்து ஒரு பதில் சொல்வார்.

அந்தத் தாளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கடைசியில் இருக்கிறது. கூடப் படுக்கிறவரிடம் கேட்க ஐந்து கேள்விகள்: உரத்த குறட்டை உண்டா, நடுவில் மூச்சு நிற்கிறதா, கால் உதறுகிறதா என்பவை போல. இந்தப் பதில்களை மதிப்பெண்ணில் சேர்ப்பதில்லை. தனித்தனி அறைகளில் உறங்கும் நாடுகளுக்கு அது பொருந்தலாம். மேலப்பாளையத்திலோ வண்ணார்பேட்டையிலோ ஒரே பட்டாசாலையில் நான்கு பேர் வரிசையாகப் பாய் விரித்துப் படுக்கும் வீட்டில், ஒவ்வொருவர் உறக்கத்துக்கும் மூன்று சாட்சிகள் உண்டு. உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோயைக் கண்டுபிடிக்க இந்தச் சாட்சிகள் விலைமதிப்பற்றவர்கள். நோயாளிக்குத் தெரிவதெல்லாம் பகல் அசதி மட்டும். 2008-இல் டொரான்டோவில் ஃபிரான்சிஸ் சங் குழு வெளியிட்ட ஸ்டாப்-பேங் கேள்வித்தாள் இதைப் புரிந்துகொண்டது. நீங்கள் மூச்சு நிறுத்துவதை யாராவது பார்த்திருக்கிறார்களா என்று கேட்கும், கழுத்துச் சுற்றளவையும் ரத்த அழுத்தத்தையும் கணக்கில் எடுக்கும். தன்னுணர்வு, பிறர் கண், அளவுகோல் மூன்றும் ஒரே தாளில்.

அப்படியானால் எல்லோர் கையிலும் கருவியைக் கட்டிவிடலாமே என்று தோன்றும். கருவிகளுக்கும் குருட்டுப் பக்கம் உண்டு. அசையாமல் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவரை உறங்குவதாகவே அவை எழுதிக்கொள்ளும். தூக்கமின்மை உள்ளவர்கள் செய்வது அதைத்தான். இப்போது கடைகளில் கிடைக்கும் கைப்பட்டைகள் தினமும் காலையில் உறக்கத்துக்கு மதிப்பெண் போட்டுத் தருகின்றன. அந்த மதிப்பெண்ணைத் துரத்தியே உறக்கத்தை இழக்கிறவர்களை அமெரிக்க மருத்துவர்கள் 2017-லேயே விவரித்தார்கள். 2018-இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், தூக்கமின்மை உள்ளவர்களிடம் கைக்கருவி காட்டியதாகச் சொல்லிப் பொய்யான அறிக்கையைக் கொடுத்தார்கள். மோசமாக உறங்கியதாகச் சொல்லப்பட்டவர்கள் அன்று பகல் முழுவதும் சோர்ந்தும் தளர்ந்தும் இருந்தார்கள். உண்மையான உறக்கத்தில் வித்தியாசம் ஏதுமில்லை.

யார் கையில் கருவி இருக்கிறது என்பதும் முக்கியம். 2022-இல் 68 நாடுகளில் 47,000-க்கும் மேற்பட்டவர்களின் கைப்பட்டைகளிலிருந்து 70 லட்சம் இரவுப் பதிவுகளைத் திரட்டி, இரவு வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும்போது உறக்கம் சராசரியாக 14 நிமிடத்துக்குச் சற்று மேல் குறைகிறது என்று காட்டினார்கள். அருமையான ஆய்வு. ஆனால் கைப்பட்டை வாங்கக்கூடியவர் வீட்டில் ஏ.சி.யும் இருக்க வாய்ப்பு அதிகம். தகரக் கூரைக்குக் கீழே பீடி சுற்றிவிட்டு அங்கேயே படுக்கும் பெண்ணின் இரவு அதில் எப்படி இடம்பெறும்? அவள் இழப்பது 14 நிமிடத்தைவிட நிச்சயம் கூடுதலாகவே இருக்கும் என்று நான் கருதுகிறேன். அவளிடம் கேட்டாலும் கழித்தல் கணக்குத்தான் கிடைக்கும்.

கேள்வியை மாற்றிக் கேட்டால் கொஞ்சம் நெருங்கலாம். ஒரு மாதத்தைக் கேட்காமல் நேற்றைக் கேட்பது. எத்தனை மணி நேரம் என்று கேட்காமல், எப்போது பாய் விரித்தீர்கள், எதற்காகவெல்லாம் எழுந்தீர்கள், முதல் பஸ் சத்தமோ பள்ளிவாசல் பாங்கோ கேட்டபோது முழித்திருந்தீர்களா என்று கேட்பது. வேலை நாளையும் விடுமுறை நாளையும் தனித்தனியே கேட்பது. மதியத்தை மறக்காமல் கேட்பது. பகலில் எங்கெல்லாம் தன்னையறியாமல் கண் மூடியது என்று கேட்பது. கூடப் படுப்பவரிடம் கேட்பது. முடிந்தால் ஏழு நாள் குறிப்பேடு. வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளருக்கு இது பத்து நிமிட வேலை. இதில் கிடைப்பது துல்லியமான மணிக்கணக்காக இருக்காது. யாரை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், யாருக்குக் கொசுவலையும் விசிறியும் போதும், யாருக்கு மனச்சோர்வுக்குச் சிகிச்சை வேண்டும் என்று பிரித்தறிய அது உதவும்.

பதில் யார் கேட்கிறார்கள் என்பதையும் பொறுத்து மாறும். திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு இரவுப் பேருந்து ஓட்டுகிறவரிடம், "பகலில் உறங்கினீர்களா?" என்று மேலதிகாரி கேட்டால், "உறங்கிட்டேன் சார்" என்றுதான் சொல்வார். இல்லை என்றால் அன்றைய டூட்டி போகும், அதோடு வருமானமும் போகும். எப்வொர்த் தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னால் எட்டுச் சூழலுக்கும் பூஜ்யம் போடுவார். அவர் மீது குற்றமில்லை. அவருடைய உறக்கத்தை அறிய அவர் வாயைக் கிளற வேண்டிய அவசியமே இல்லை. டூட்டி அட்டவணை இருக்கிறது: நேற்று எத்தனை மணிக்கு வண்டியை விட்டு இறங்கினார், இன்று எத்தனை மணிக்கு ஏறுகிறார். விடிகாலையில் வேய்ந்தான்குளம் பேருந்து நிலையத்தில் இறங்கியவருக்கு அன்று மாலையே மறுபடி வண்டி என்றால், நடுவில் கிடைத்த பகலை அவர் எந்த அறையில் கழிக்கிறார் என்று போய்ப் பார்க்கலாம். மே மாதத்து நண்பகலில் அந்த அறையின் கூரை என்ன, விசிறி ஓடுகிறதா, சன்னலில் வலையும் திரையும் இருக்கின்றனவா, அங்கே எத்தனை பேர் படுக்கிறார்கள் என்பதையெல்லாம் எழுதிக்கொண்டு வந்து, அன்றே சரிசெய்யத் தொடங்கலாம்.